உழைப்பவரின் உயிரும் ஓர் அமானத்தே

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற ஆண்டு ஒரே கையைப் பற்றி ஒரே வாரத்தில் இரண்டு மஸ்அலாக்கள் நம்மிடம் கேட்கப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்குச் சரியாக விடை சொன்னோம். மற்றொன்றுக்குத் தவறாகச் சொன்னோம். அந்தத் தவறைப் பகிரங்கமாகத் திருத்திக்கொள்ளும் பொருட்டே இதை எழுதப் புகுந்தோம்.

முதலில் வந்தவர் பீஹாரிலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த ஓர் இளைஞர். பனியன் கம்பெனியொன்றில் கட்டிங் வேலை. துணியை அடுக்கடுக்காகப் பரப்பி வெட்டும் கத்தி மிஷின் அவருடைய இடக்கையின் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருந்தார். ளுஹர் தொழுகைக்கு ஒளு செய்ய ஹவ்ளின் ஓரத்தில் வந்து அமர்ந்தவர், இந்தக் கையை எப்படிக் கழுவுவது என்று பாதி இந்தியிலும் பாதி சைகையிலுமாகக் கேட்டார். ஈரக்கையால் கட்டின் மேல் தடவி மஸஹ் செய்தால் போதும், காயம் ஆறும்வரை கழுவியதற்கு அது ஈடாகும் என்று சொல்லிக் கொடுத்தோம். மத்ரஸாவில் ஓதிய பாடம். தடுமாற்றமின்றி நாவில் வந்தது. அவரும் மனநிறைவோடு தொழுதுவிட்டுப் போனார்.

அந்த வாரம் ஜும்ஆவுக்குப் பின் அக்கம்பெனியின் முதலாளி வந்தார். நல்ல மனிதர். ஐவேளையும் ஜமாஅத்தில் நிற்பவர். ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர்.

“ஹஜ்ரத், ஒரு மஸ்அலாங்க. நம்ம யூனிட்டுல ஒரு பையனுக்கு விரல் போயிருச்சு. கான்ட்ராக்டர் கூட்டிட்டு வந்த ஆளு. கூலி அவர்தான் கொடுக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டி, கையில ஐயாயிரமும் கொடுத்துட்டாராம். என் மேல ஏதாச்சும் கடமை இருக்குதுங்களா?”

நம்மைச் சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். நிக்காஹ் ஒன்றுக்குப் புறப்பட வேண்டிய அவசரம் வேறு. “உங்களோடு ஒப்பந்தமில்லாத ஆள், ஹாஜியார். கத்ரில் இருந்தது நடந்துவிட்டது. முடிந்ததை ஸதகாவாகக் கொடுங்கள்” என்றோம். அவர் முகம் தெளிந்தது. அன்றிரவு நம்மை உறங்கவிடாமல் செய்தது அந்த முகத்தெளிவுதான்.

அந்த விடையை நாம் வெறுங்கையோடு சொல்லவில்லை. கிணற்றில் விழுந்து இறந்தவருக்கும் சுரங்கத்தில் மடிந்தவருக்கும் ஈட்டுத்தொகை இல்லை என்ற பொருள்பட ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் ஒரு ஹதீஸ் வந்துள்ளது. கிணறு தோண்ட அமர்த்திய ஆள் மண் சரிந்து இறந்தால் அமர்த்தியவர் மீது பொறுப்பில்லை என்று இமாம்கள் இதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு வாக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவரை அனுப்பிவைத்தோம். ஆனால் அதே இமாம்கள் அடுத்த வரியில் சொல்லியதை நாம் அவருக்குச் சொல்லவில்லை. தன் சொந்த இடத்தில், வரம்பு மீறாமல் தோண்டியவருக்கே இந்தச் சலுகை. பொது வழியில் அனுமதியின்றிப் பள்ளம் தோண்டி, அதில் ஒருவர் விழுந்தால் தோண்டியவர் ஈடு கொடுத்தே ஆகவேண்டும். அவர் யாரையும் தள்ளிவிடவில்லை, அங்கே நிற்கவுமில்லை. ஆயினும் பொறுப்பாளி அவரே. காரணமாக இருந்தவர் வரம்பு மீறியிருந்தால் ளாமின் ஆவார் என்பது ஹனபி பிக்ஹின் அடிப்படைகளுள் ஒன்று.

இமாம் மர்கீனானி அவர்களின் ‘ஹிதாயா’வில் இன்னும் நெருக்கமான ஒரு மஸ்அலா உண்டு. ஒருவர் கூலியாட்களை அமர்த்தி, தமக்கு உரிமையில்லாத இடத்தில் பள்ளம் தோண்டச் செய்கிறார். அது அவருடைய இடமல்ல என்பது கூலியாட்களுக்குத் தெரியாது. அப்பள்ளத்தில் விழுந்து ஓர் உயிர் போனால் ஈடு யார் மீது? தோண்டியவர்கள் மீதல்ல, அமர்த்தியவர் மீதே. உண்மையை மறைத்து அவர்களை ஏமாற்றியவர் அவர். கூலியாட்கள் அறிந்தே தோண்டியிருந்தால் மட்டுமே சட்டம் மாறுகிறது.

ஓதிய காலத்தில் இந்தப் பாடத்தைப் பரீட்சைக்காகத்தான் படித்தோம். அன்றிரவு அது வேறு விதமாகத் தெரிந்தது. எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: ஆபத்தை அறிந்திருந்தவர் யார், அறியாமல் கை வைத்தவர் யார்? இதற்கு விடை கிதாபில் கிடைக்காது. கம்பெனிக்குப் போனால்தான் கிடைக்கும்.

மறுநாள் அஸருக்குப் பின் போனோம். முதலாளியே கூட்டிச் சென்று காட்டினார், மறைக்கவில்லை. கட்டிங் மேஜையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கத்திக்கு முன்னால் இறங்கி நிற்க வேண்டிய தடுப்பை மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். கீழே இருந்தால் வேலை ஓடாதாம். இரும்புக் கம்பி வளையங்களால் பின்னிய கையுறை ஒன்று உண்டு. அதைப் போட்டிருந்தால் கத்தி விரலில் இறங்காது. அது எங்கே என்று கேட்டோம். சூப்பர்வைசர் ஓர் அலமாரியைத் திறந்தார். உள்ளே ஆறு கையுறைகள், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல். பையர் சார்பில் ஆடிட் வரும் நாளில் எடுத்துக் கொடுத்து, அவர்கள் போனபின் வாங்கிப் பூட்டிவிடுவது வழக்கம் என்று அவர் சர்வ சாதாரணமாகச் சொன்னார். சுவரில் பாதுகாப்பு விதிகள் பெரிய எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும். அந்த இளைஞருக்கு இரண்டுமே வாசிக்கத் தெரியாது.

சகோதரர்களே! மனிதர் பார்க்கும்போது ஒரு விதமாகவும், பார்க்காதபோது வேறு விதமாகவும் தொழுபவனுக்கு நாம் என்ன பெயர் சொல்கிறோம்? ரியா என்கிறோம். திருமறையின் 107-வது சூராவில் அல்லாஹ் தஆலா, பிறர் காணத் தொழுவோரைப் பற்றிச் சொன்ன கையோடு, அற்பமான புழங்கு பொருளைக்கூடக் கொடாமல் தடுப்போரையும் சேர்த்தே கண்டிக்கிறான். அந்த ‘மாஊன்’ என்பது கோடரி, சட்டி, வாளி போன்ற கைப்பொருள்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக விளக்கம் வந்திருக்கிறது. அந்த அலமாரியின் முன் நின்றபோது, இத்தனை நாள் தொழுகையில் ஓதிவந்த அச்சூராவை அன்றுதான் கேட்டது போலிருந்தது. காட்டுவதற்கு ஒரு கையுறை. கொடாமல் பூட்டி வைப்பதற்கும் அதே கையுறை.

அங்கேயே முதலாளியிடம், “நேற்று நாம் சொன்னது தவறு, ஹாஜியார். இந்தக் கைக்கு நீங்களும் பொறுப்பு” என்றோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்தானேங்க, ஹஜ்ரத்?” என்றார். நாம் கற்றுக்கொடுத்த வார்த்தை நம்மிடமே திரும்பி வந்தது. அதற்கும் பதில் சொல்லவேண்டிய கடமை நமக்கு இருந்தது.

கத்ரை ஈமான் கொள்வது கடமை. அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் கத்ரைக் கொண்டு கவனக்குறைவை மூடிக்கொள்ள நமக்கு வழிகாட்டியவர் யார்? ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் படையோடு பாதி வழியில் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டதற்கு, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் விடை பகர்ந்தார்கள். மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு ஆட்களோடு எரிந்துபோன செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியது. விதி என்று சொல்லி அவர்கள் விட்டுவிடவில்லை. நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்று கட்டளையிட்டார்கள். மற்றோர் அறிவிப்பில் எலி விளக்குத் திரியை இழுத்துப் போய் வீட்டாரையே எரித்துவிடக்கூடும் என்று காரணத்தையும் சொல்லியிருக்கிறார்கள். கைப்பிடிச் சுவரில்லாத மாடியில் உறங்குபவரின் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்று அபூதாவூதில் வருகிறது. கூட்டத்தில் அம்போடு நடப்பவர் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்படி ஏவினார்கள். முனையை மூடு, விளக்கை அணை, விளிம்பில் தடுப்பு வை! இன்றைய தொழிற்சாலை ஆய்வாளர் வந்து சொல்வதும் இதைத்தான். நாம் இவற்றை ‘ஒழுக்கங்கள்’ என்ற தலைப்பில் சேர்த்து, சிறுபிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

இந்தத் தொழிலில் நம் சமுதாயத்துக்குள்ள பங்கு சிறிதல்ல. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் திருப்பூருக்குப் பின்னல் எந்திரத்தை முதலில் கொண்டுவந்தவர் குலாம் காதர் என்பதே ஊரார் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. இன்று முதலாளியாகவும், ஜாப் ஒர்க் எடுப்பவராகவும், ஆள் கூட்டிவரும் ஏஜென்ட்டாகவும், பவர் டேபிளில் உட்காருபவராகவும், கைமடியாகவும், செக்கிங் பெண்ணாகவும் நம்மவர் எல்லா நிலையிலும் இருக்கிறார்கள். ஆகவே இது யாரோ ஒருவருடைய பேச்சல்ல.

2025 மே மாதம் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல்லடம் வட்டம் கரைப்புதூரில் ஒரு சாய ஆலையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர்களில் மூவர் மூச்சுத் திணறி மாண்டார்கள். அத்தகைய தொட்டியில் என்ன இருக்கிறது என்பதை நம் வீட்டார் அனைவரும் தெரிந்துகொள்வது நல்லது. மூடிக்கிடக்கும் கழிவும் சேறும் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு உண்டாகிறது. சாயத்துக்குப் போடும் உப்புகளில் உள்ள கந்தகமும் அதற்குத் துணை போகிறது. காற்றைவிடக் கனமான வாயு, அடியிலேயே தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல நாறும். அதிகமாகிவிட்டால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, பயமில்லை என்று நினைத்து இறங்குபவர் சில மூச்சுகளில் சாய்ந்துவிடுவார். மேலே நிற்பவர் பதறிப்போய்க் காப்பாற்றக் குதிப்பார். அவரும் போவார். இத்தகைய விபத்துகளில் ஒருவரோடு நில்லாமல் இருவர், மூவர் என்று ஜனாஸா எழுவதற்கு இதுதான் காரணம். குதிப்பவர் கெட்டவரல்லவே, சகோதரனைக் காக்கப் போனவர். அவருடைய நல்லெண்ணத்தையே எமனாக்கியது, இறக்கும்முன் வாயுவைச் சோதிக்காத நம்முடைய அலட்சியம்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-வது பிரிவு இதைப் பற்றியே பேசியது. தகுதியுள்ள ஒருவர் தாமே சோதித்து எழுத்தில் சான்று கொடுக்க வேண்டும். இல்லையேல் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பில் வார் கட்டி, அந்த வாரோடு சேர்ந்த கயிற்றின் மறுமுனையை வெளியில் நிற்கும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. சட்டம் பெயர் மாறலாம். கயிற்றை ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்பது மாறாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. சாக்கடைச் சாவுகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் என்று வகுத்து, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. அதற்குப் பிறகும் ஆள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார். இறங்குபவர் பெரும்பாலும் எந்தச் சமூகத்தார் என்பதும் யாவரும் அறிந்ததே. ஆதமுடைய மக்களைக் கண்ணியப்படுத்தியதாக அல்லாஹ் அறிவித்தபோது அதில் அவர்களும் அடக்கம்.

தலையில் காயம்பட்ட ஒரு ஸஹாபிக்குக் குளிப்புக் கடமையானது. உடன் இருந்தவர்கள் சலுகை கிடையாது, குளித்தே ஆகவேண்டும் என்றார்கள். குளித்தார், இறந்தார். செய்தி கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடிந்து, தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா என்று வருந்தினார்கள். அபூதாவூதில் உள்ள இந்நிகழ்ச்சியை ஆலிம்கள் தவறான பத்வாவுக்கு எச்சரிக்கையாக எடுத்துச் சொல்வோம். முதல் எச்சரிக்கை நமக்கே. என்றாலும், “அஞ்சு நிமிஷம்தான், இறங்கி வா” என்று சொல்லும் சூப்பர்வைசரும் ஒரு பத்வாதான் கொடுக்கிறார் என்பதை அவர் அறியவேண்டும்.

நம்மவர் நாடுகள் மட்டும் இதில் மேலா என்றால், சொல்ல நாக் கூசுகிறது. 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியின் பல்தியா பகுதியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250-க்கும் அதிகமானோர் மாண்டனர். நெருப்பு சதியால் வைக்கப்பட்டது என்று 2020-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் உள்ளே இருந்தவர்கள் வெளியேற முடியாமல் போனதற்குக் காரணம் பூட்டிய கதவுகளும் கம்பியடித்த ஜன்னல்களும். சில வாரங்களுக்கு முன்புதான் அக்கம்பெனிக்குச் சர்வதேசத் தரச்சான்று கிடைத்திருந்தது. (அலமாரிக் கையுறை நமக்கு மீண்டும் நினைவுக்கு வருகிறது.) 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ரானா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டது. அதே கட்டடத்திலிருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. தையல்காரப் பெண்களை மட்டும் மறுநாள் வேலைக்கு ஏற்றினார்கள். திருப்பூர் தைக்கும் அதே மேல்நாட்டுக் கடைகளுக்குத்தான் அவர்களும் தைத்தார்கள்.

கூலி பேசும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதைத் திருமறை நமக்குக் காட்டியிருக்கிறது. மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திய பெரியவர், காலத்தைச் சொன்னார், பிரதிபலனைச் சொன்னார், அத்தோடு, உமக்குச் சிரமம் தர நான் விரும்பவில்லை என்றும் சொன்னார். கஸஸ் சூராவின் 27-வது வசனத்தில் இது இருக்கிறது. நம் ஊரில் பீஸ் ரேட் பேசுகிறோம், ஒன்றரை ஷிப்ட் பேசுகிறோம். மூன்றாவது வார்த்தையை விட்டுவிடுகிறோம். பதினாறு மணி நேரம் கண் விழித்த பையனைக் கத்தி மிஷினின் முன் நிறுத்திவிட்டு, அவன் கவனமாக இல்லை என்று சொல்வது என்ன நியாயம்? சுமக்க முடியாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்பதல்லவா அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் செய்த உபதேசம்!

கான்ட்ராக்டர் சகோதரர்களுக்கு: ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறீர்கள். ஹலால்தான். ஆனால் அந்த ஆளின் தாய் உங்களை நம்பித்தான் அவனை ரயிலேற்றினாள். இ.எஸ்.ஐ.யில் பெயர் பதியாமல், காயம்பட்டவனுக்கு ஐயாயிரத்தைக் கொடுத்து ஊருக்கு அனுப்புவது ஹிஸாபை மூடிவிடாது. ஷரீஅத் ஒரு விரலுக்கு 10 ஒட்டகம் என்று வைத்திருக்கிறது. முழு உயிருக்கு 100. சுண்டு விரலும் பெருவிரலும் அதில் சமம். இங்கே நாம் ஒட்டகக் கணக்குப் பார்க்கப்போவதில்லை. ஆயினும் இரண்டு விரல் என்பது அல்லாஹ்விடம் ஓர் உயிரின் ஐந்தில் ஒரு பங்கு என்பதை மறக்கவேண்டாம். காஜியின் மன்றத்தில் எந்தத் தாளைக் காட்டித் தப்பினாலும், அவனுடைய சன்னிதியில் தாள் செல்லாது. ஒவ்வொருவரும் மேய்ப்பாளர் என்ற ஹதீஸில் தலைவர், கணவர், மனைவி, ஊழியர் என்று தனித்தனியே சொல்லப்பட்டிருக்கிறது. பொறுப்பை ஆளாளுக்குப் பங்கு போட்டுக் குறைத்துக்கொள்ள அதில் இடமில்லை. அவரவர்க்கு முழுதாகவே இருக்கிறது.

தொழிலாளர் தோழர்களும் ஒன்றைக் கேட்கவேண்டும். தையல் மிஷினில் ஊசித் தடுப்பையும் பெல்ட் மூடியையும் கழற்றி வைப்பவர் பல வேளைகளில் நாமேதான். நாலு பீஸ் கூட ஓடும் என்ற ஆசை. துப்பட்டா பெல்ட்டில் சுற்றினால் என்ன ஆகும் என்பதைப் பெண்மக்கள் அறிவீர்கள். உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்துப்பட பகரா சூராவின் 195-வது வசனம் எச்சரிக்கிறது. உங்கள் உடல் உங்களுக்குச் சொந்தமன்று. ரேட் குறைவாக இருப்பதால்தான் இப்படி ஓட வேண்டியிருக்கிறது என்பீர்கள். அதுவும் மெய். அதை முதலாளியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விரலைக் கொடுத்துச் சொல்லாதீர்கள்.

வீடுகளுக்கும் இது பொருந்தும். எத்தனையோ வீடுகளில் முன்னறையில் மிஷின் ஓடுகிறது. பிசிறு வெட்டும் துணி மூட்டை கட்டிலுக்கடியில். பக்கத்தில் காஸ் அடுப்பு. ஒரே பிளக்கில் மூன்று ஒயர். அந்த மூட்டையின் மேல் குழந்தை தூங்குகிறது. 2023 ஜூன் மாதம் காதர்பேட்டை பனியன் பஜாரில் ஏறத்தாழ 50 கடைகள் எரிந்ததைக் கண்ணால் கண்ட ஊர் நம்முடையது. பஞ்சும் பனியன் வேஸ்டும் பற்றினால் நாம் கலிமா சொல்லி முடிப்பதற்குள் கூரையைத் தொட்டுவிடும். உறங்கும் முன் மெயினை அணைத்து, மூட்டையை அடுப்பிலிருந்து விலக்கி வைப்பது, மதீனாவில் விளக்கணைத்த சுன்னத்தின் தொடர்ச்சியே.

அந்த முதலாளியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நாம் அவருக்கு அநீதி செய்தவராவோம். ஒரு வாரம் நம்மோடு பேசவில்லை. தொழுகைக்கு மட்டும் வந்து போனார். பிறகு ஒருநாள் தாமே கூப்பிட்டுக் காட்டினார். கத்தியின் தடுப்பு இறங்கியிருந்தது; கையுறைகள் அலமாரியிலிருந்து மேஜைக்கு வந்திருந்தன. சுவரில் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. அந்த இளைஞருக்குக் கணிசமான தொகை கொடுத்து, கட்டிங்கிலிருந்து ஸ்டோருக்கு மாற்றியிருந்தார். “இதெல்லாம் ஈடாகுமாங்க, ஹஜ்ரத்?” என்றார். மன்னிக்கும் உரிமை அந்தப் பையனுக்குத்தான் என்றோம். கான்ட்ராக்டர் மற்றவர்களின் இ.எஸ்.ஐ. பதிவை இன்றுவரை இழுத்தடிக்கிறார். முதலாளி அவருடைய பில்லை நிறுத்தி வைத்திருக்கிறார். பார்ப்போம்.

இளைஞர் மீண்டும் ஹவ்ளுக்கு வந்தார். கட்டு அவிழ்ந்திருந்தது. இனி மஸஹ் கூடாதா என்று கேட்டார். கூடாது, கழுவத்தான் வேண்டும். போன விரலுக்கு ஒளுவில் கடமையில்லை, மிச்சமுள்ள இடத்தைக் கழுவினால் போதும் என்றோம். தலையை அசைத்துவிட்டு, தழும்பின் மேல் மூன்று முறை தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.